வலைப்பதிவை வெளியிடும் முன் எப்படித் திருத்துவது? எழுத்துப்பிழை பார்த்தால் போதுமா?

எழுத்துப்பிழை பார்ப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் எந்தப் பிழைதிருத்தியில் போட்டுப் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைதிருத்தி தேவைதான். ஆனால் இடிக்கப்போகும் சுவருக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. ஒரு பத்தியில் ஒற்றெல்லாம் சரிபார்த்து, காற்புள்ளி வைத்து முடித்த பிறகு அந்தப் பத்தியே வேண்டாம் என்று தோன்றினால் நீக்கக் கை வராது. இவ்வளவு உழைத்துவிட்டோமே என்று விட்டுவைப்போம்.

ஒரு வார இதழில் மெய்ப்புப் (ப்ரூஃப்) பார்க்கும் வேலையில் இருந்திருக்கிறேன். இப்போது வலைப்பதிவு எழுதும் நண்பர்களுக்கு, வெளியிடும் முன் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஒரு பதிவைக் கெடுப்பவற்றில் ஒற்றுப்பிழைக்குப் பின்வரிசையில்தான் இடம். முன்வரிசையில் நிற்பது நாம் யாரும் வாயால் பேசாத வாக்கியம். மௌனமாகப் படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். வாய்விட்டுப் படித்தால் நாக்கு அங்கே நின்றுவிடும். தமிழில் எழுதியதைத் திருத்தக் காதுதான் முதல் கருவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பதிவை எடுத்துக்கொண்டு பேசினால் விளங்கும். தோழி ஒருவர் குடும்பத்தோடு தாராசுரமும் தஞ்சாவூரும் போய்வந்து எழுதியதை எனக்கு அனுப்பினார். அவர் சம்மதத்தோடு சில வரிகளை இங்கே தருகிறேன். தொடக்கம் இப்படி இருந்தது:

"வணக்கம் நட்புகளே! நீண்ட இடைவெளிக்குப் பிறகு உங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி. இயந்திரத்தனமான இன்றைய வாழ்க்கையில் பயணம் என்பது மனதிற்கு ஒரு புத்துணர்ச்சியைத் தருகின்ற ஒரு விஷயமாக இருக்கிறது."

இதன் பிறகு பேருந்து, ஓட்டல், வெயில் என்று மூன்று பத்திகள். நான்காவது பத்தியில் இது வந்தது: "படியைத் தட்டினால் ஏழு சுரமும் வரும் என்றார்கள். சுற்றிலும் கம்பி போட்டிருந்தது. பையன் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தான். எட்டவில்லை."

பதிவு அங்கேதான் தொடங்குகிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் பலிபீடத்துப் படிகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எட்டாத கையை எழுதியவர் இவர் ஒருவர்தான். முதல் மூன்று பத்திகளை நீக்கிவிட்டு இந்த வரியில் தொடங்கச் சொன்னேன். முன்னால் இருந்ததில் தேவையான ஒரே செய்தி கும்பகோணத்திலிருந்து போனார்கள் என்பதுதான். அதைப் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடலாம்.

ஆகவே முதல் வாசிப்பில் எதையும் திருத்தாதீர்கள். எங்கே உங்களுக்கே ஆர்வம் வருகிறது, எங்கே கண் வேகமாக ஓடுகிறது என்பதை மட்டும் குறித்துவையுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு எழுத உட்கார்ந்ததும் கை சூடேற இரண்டு மூன்று பத்தி தேவைப்படும். எழுதும்போது அது வேண்டும், படிப்பவருக்கு வேண்டாம். "இன்றைய அவசர உலகில்", "என்றால் அது மிகையாகாது", "சொல்ல வார்த்தைகளே இல்லை" ஆகியவை அந்தச் சூடேற்றும் நேரத்தில் வருபவை. வார்த்தை இல்லை என்று எழுதிய இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் வார்த்தை வரும். அதைத் தேடி எழுதுவதுதான் நம் வேலை.

அடுத்தது வாக்கியம். என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. தோழியின் பதிவில் இப்படி ஒரு வரி: "இக்கோயிலானது இராஜராஜ சோழனால் கட்டப்பட்ட ஒரு மிகவும் அழகான மற்றும் பழமையான கோயிலாகக் காணப்படுகிறது."

இலக்கணப்படி இதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதை யாரிடமாவது நேரில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் பாட்டியிடம் அவர் இதையே எப்படிச் சொல்லியிருப்பார்? "இராஜராஜன் கட்டின கோயில் பாட்டி" என்றுதான். எழுத்துக்குக் கொண்டுவரும்போது "இது இராஜராஜன் கட்டிய கோயில்" என்றால் முடிந்தது. "அழகான" வேண்டாம், ஏனென்றால் தேர்போல் சக்கரமும் குதிரையுமாகச் செதுக்கிய மண்டபத்தை அடுத்த பத்தியில் அவரே நன்றாகக் காட்டியிருக்கிறார். "ஒரு" வேண்டாம். "காணப்படுகிறது" வேண்டவே வேண்டாம். யார் காண்கிறார்கள்? (அந்த வரியில் ஒரு தகவல் சிக்கலும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.)

இந்த மாதிரி வரிகளில் திரும்பத் திரும்ப வருபவை சிலவே. "மற்றும்" அவற்றில் ஒன்று. "அப்பா, அம்மா மற்றும் தம்பி வந்தனர்" என்று எழுதுகிறோம். "அப்பாவும் அம்மாவும் தம்பியும் வந்தார்கள்" என்று பேசுகிறோம். நம்மிடம் "உம்" இருக்கும்போது "மற்றும்" எதற்கு? ஒரு நீளமான பெயர்ப்பட்டியலில், நிறுவனப் பெயரில் அதற்கு இடம் உண்டு. கதை சொல்லும் வரியில் அது கல்லாய்க் கிடக்கும். இன்னொன்று செயப்பாட்டுவினை. "எங்களால் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன" என்று எழுதும்போது எடுத்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். "படம் எடுத்தோம்" என்றால் அவர்கள் கண்முன் நிற்கிறார்கள். செய்தவர் யாரென்று தெரியாதபோது, அல்லது செய்தவர் முக்கியமில்லாதபோது "பட்டது" சரி. "இந்தக் கல்வெட்டு பிற்காலத்தில் சிதைக்கப்பட்டது" என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மூன்றாவது, ஒரு வினையைப் பெயராக்கி, பின்பு அதைத் தூக்கிச் செல்ல இன்னொரு வினையை வைப்பது: "பார்வையிடுதலை மேற்கொண்டோம்", "ஆய்வு செய்தலில் ஈடுபட்டோம்". பார்த்தோம், ஆராய்ந்தோம், அவ்வளவுதான்.

நீளமான வாக்கியமே தப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "விடியக்காலையில் எழுந்து குளித்து ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினோம்" என்பது நீளம்தான், ஆனால் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போகிறது. எச்சங்களை இப்படிக் கோத்துக்கொண்டே போவது தமிழுக்கே உரிய நடை, அதை ஏன் வெட்ட வேண்டும்? சிக்கல் எப்போது வரும் என்றால், நடுவில் ஆள் மாறும்போது. "நான் சாவியை மறந்து, காவலாளி கதவைத் திறந்து, உள்ளே போனோம்" என்று எழுதக் கூடாது. "மறந்து", "திறந்து" போன்ற எச்சங்கள் பொதுவாக, கடைசி வினையைச் செய்பவரோடுதான் சேரும். ஆள் மாறினால் வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

அடைமொழி அடுக்கும் கவனிக்க வேண்டியது. தோழி எழுதியிருந்தார்: "கும்பகோணத்தில் இருக்கும் என் கணவரின் நண்பரின் வீட்டில் தங்கினோம்." கும்பகோணத்தில் இருப்பது யார்? கணவரா, நண்பரா, வீடா? தமிழில் வர்ணனை எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும், வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை படிப்பவர் எல்லாவற்றையும் மனதில் சுமக்க வேண்டும். "என் கணவரின் நண்பருக்குக் கும்பகோணத்தில் வீடு இருக்கிறது. அங்கே தங்கினோம்" என்று பிரித்தால் சுமை இறங்கிவிடும்.

"சிற்பங்கள் இருக்கிறது" என்பது எழுத்துநடையில் "சிற்பங்கள் இருக்கின்றன" என்று ஆக வேண்டும். ஒரே பெரியவரை முதல் வரியில் "சொன்னார்" என்றும் அடுத்த பத்தியில் "சொன்னான்" என்றும் எழுதக் கூடாது. மன்னர்களை "கட்டினான்" என்பதா "கட்டினார்" என்பதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் பதிவு முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

பேச்சுவழக்கு வரும் இடங்களைத் திருத்தாதீர்கள். வாட்ச்மேன் "உள்ள போங்க சார், மணி ஆச்சு" என்று சொல்லியிருந்தால் அது அப்படியே நிற்க வேண்டும். கொங்கு, நெல்லை, யாழ்ப்பாணம் என்று எந்த ஊர்ப் பேச்சானாலும் மேற்கோளுக்குள் அதற்கு முழு உரிமை உண்டு. அதைப் பொதுத்தமிழாக்கி, பேசியவரின் ஊரையே அழித்துவிட்ட பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இப்போது தகவல். நடையைத் திருத்திய பிறகு, எழுத்துப்பிழை பார்ப்பதற்கு முன் இதற்கென்று தனியாக ஒரு வாசிப்பு வேண்டும். ஒவ்வொரு பெயர், ஆண்டு, எண்ணுக்குக் கீழும் கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.

தோழி "இராஜராஜ சோழன்" என்று மட்டும் எழுதியிருந்தார். படிப்பவர் உடனே தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராஜராஜனைத்தான் நினைப்பார். தாராசுரம் கோயிலைக் கட்டியது 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் இராஜராஜன். பெரிய கோயில் முடிந்தது 1010இல். "இரண்டாம்" என்ற ஒரு சொல் விடுபட்டதால் ஒன்றரை நூற்றாண்டு நழுவிவிட்டது. அடுத்து, "இரண்டு கோயில்களும் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன" என்று ஒரு வரி. தஞ்சைக் கோயில்தான் 1987இல் சேர்ந்தது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல் சேர்க்கப்பட்டன. மூன்றாவது, "பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது." இது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. நிழல் விழும். காலையிலோ மாலையிலோ கோயில் வளாகத்தில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. தோழி அந்த வரியை எடுத்துவிட்டு, சாயங்காலம் விமானத்தின் நிழலில் உட்கார்ந்து பையன் முறுக்கு தின்றதை எழுதினார். அது அவர் கண்ணால் கண்டது. எனக்கு அந்தப் பதிவிலேயே பிடித்த வரி அது.

இதற்கெல்லாம் பின்னால்தான் எழுத்துப்பிழை.

ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று இலக்கண நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கும். வலைப்பதிவுக்குச் சில விதிகள் கைவசம் இருந்தாலே முக்கால்வாசி தேறிவிடும். "ஐ", "கு" உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று போடுங்கள்: கோயிலைப் பார்த்தோம், ஊருக்குப் போனோம். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றின் பின்னும் போடுங்கள். பெயரெச்சத்துக்குப் பின் போடாதீர்கள்: பார்த்த சிற்பம், வந்த பேருந்து. "பார்த்துக் கொடுத்தார்" என்பதில் மிகும், "வந்து கொடுத்தார்" என்பதில் மிகாது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விதி தெரியாமலேயே வேறுபாடு கேட்கும். ஒற்று பொருளையே மாற்றும் இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். "வேலை கொடு" என்றால் பணி. "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருக்கும் வேல்.

இன்னொரு விதி, தமிழ்ச் சொற்களில் ட், ற் இரண்டுக்கும் பின்னால் மற்றொரு மெய்யெழுத்து வராது. ஆகவே முயற்ச்சி, அதற்க்கு, கட்ச்சி, பயிற்ச்சி எல்லாம் பிழை. முயற்சி, அதற்கு, கட்சி, பயிற்சி என்பவையே சரி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாலே நிறையச் சிக்கும். அதேபோல் சுவற்றில் என்று எழுதாமல் சுவரில் என்று எழுதுங்கள். சொல் "சுவர்", "சுவறு" இல்லை.

கோயிலா கோவிலா, நாள்களா நாட்களா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று சண்டை நடந்துகொண்டே இருக்கும். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கென்று ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டு, எல்லாப் பதிவுகளிலும் அதையே கடைப்பிடியுங்கள். ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். இன்று வழங்கும் தமிழுக்கு அதைவிட நம்பகமான துணை எனக்குத் தெரியாது. பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், அது இணையத்திலும் கிடைக்கிறது.

இனி நீங்கள் கேட்ட பிழைதிருத்திகள். நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய "வாணி" எழுத்துப்பிழைக்கும் "நாவி" சந்திப்பிழைக்கும் (ஒற்றுப்பிழை) உதவும். இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன், தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் எந்தத் திருத்தியும், அகராதியில் இருக்கும் ஒரு சொல்லுக்குப் பதிலாக அகராதியில் இருக்கும் இன்னொரு சொல் விழுந்திருந்தால் கண்டுபிடிக்கத் திணறும். கரை கறையாகும், மனம் மணமாகும், அரம் அறமாகும். கைப்பேசியில் பேசியே தட்டச்சு செய்பவர்களுக்கு இது அதிகம் நேரும். அதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் முழுப் பதிவையும் கொடுத்து "மெருகேற்று" என்று கேட்காதீர்கள். பையனின் எட்டாத கை "மறக்க முடியாத அனுபவமாக" மாறித் திரும்பி வரும். "பிழைகளை மட்டும் பட்டியலிடு, எதையும் மாற்றாதே" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ஔ, ௌ ஆகியவற்றின் பின்பாதி பார்க்க "ள" மாதிரியே இருப்பதால் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். ஒளவையார், கெளதமன் என்று திரையில் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஔவையார், கௌதமன் என்று சரியாக அடித்துத் தேடினால் அந்தச் சொல் சிக்காது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை "ஒளவை" என்று ள சேர்த்து வாசிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பதிவென்றால் இதையும், ர இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் (ா) இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னேனே, அதை எப்படிச் செய்வது? எங்கள் இதழில் முக்கியமான கட்டுரைகளுக்கு இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் கையெழுத்துப் படியை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியில் கண் வைத்திருப்பார். வாசிப்பவர் காற்புள்ளியைக்கூட "கமா" என்று சொல்லுவார். வீட்டில் துணைக்கு ஆள் இல்லையென்றால் கைப்பேசியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இயந்திரக் குரலுக்கு உங்கள் மேல் பரிவு கிடையாது, எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கும். விடுபட்ட சொல், இரண்டு முறை வந்த சொல், மூச்சு முட்டும் வாக்கியம் மூன்றும் உடனே தெரிந்துவிடும். கடைசியாக எழுத்துப்பிழைக்கு மட்டும், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். கதை அறுந்துவிடுவதால் கண் எழுத்தில் நிற்கும்.

முடிந்தால் ஓர் இரவு தள்ளிப்போடுங்கள். கணினியில் எழுதியதைக் காலையில் கைப்பேசி முன்னோட்டத்தில் படியுங்கள். உங்கள் வாசகர்களில் பலர் அப்படித்தான் படிக்கப் போகிறார்கள். கணினியில் நாலு வரியாக இருந்த பத்தி அங்கே திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். பத்தி பிரிக்க வேண்டிய இடம் அப்போது தெரியும்.

யாரிடமாவது படிக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பதைத் தவிர எதுவும் வராது. "எந்த இடத்தில் அலுத்தது? எது புரியாமல் திரும்பப் படித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தத் துறை தெரிந்தவரைவிடத் தெரியாதவரிடம் கேட்பது நல்லது.

தலைப்பு, படக்குறிப்பு இரண்டையும் பலர் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். பிழை பளிச்சென்று தெரிவதும் அங்கேதான். படத்தில் இருப்பது எது, எந்த ஊர் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். தோழியின் பதிவில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தின் படத்துக்குக் கீழே "அருமையான வேலைப்பாடு" என்று மட்டும் இருந்தது. "ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை" என்று மாற்றினோம்.

வெளியிட்ட பிறகும் பிழை தெரியவரும். எழுத்துப்பிழையைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். தகவலைத் திருத்தினால் பதிவின் கீழே எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி போடுங்கள், ஏற்கெனவே படித்துவிட்டு நாலு பேரிடம் சொன்னவருக்கு அது வேண்டும். தலைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இணைய முகவரியை மட்டும் மாற்றாதீர்கள், மற்றவர்கள் பகிர்ந்துவைத்திருக்கும் இணைப்பெல்லாம் அறுந்துபோகும்.